காற்றுப் படாத மூலை

ஏற்காட்டு ஏரி எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. ஏரிக்குப் பக்கத்தில் இருந்த லாட்ஜின் பின்பக்கச் சுவரைக் கேளுங்கள், சொல்கிறேன். பாசி பிடித்த சுவர். இடுப்பு உயரத்தில் ஒரு குழாய். அதன் கீழே விளிம்பு உடைந்த சிமெண்டுத் தொட்டி. பக்கத்தில் செப்டிக் டேங்க் மூடி. அந்த மூடியின் மேல் உட்கார்ந்துதான் ஒரு வேன் ஆட்களுக்கு வெங்காயம் உரித்தேன். படகு சவாரி முடித்து வந்த பிள்ளைகள், "அம்மா, செம்மயா இருந்துச்சி, நீ ஏன் வரல?" என்று கேட்டார்கள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கை கழுவிவிட்டு வரச் சொன்னேன். சாப்பாடு தயாராக இருந்தது.

ஏலகிரிக்கும் போயிருக்கிறேன். கொல்லிமலைக்கும் கொடைக்கானலுக்கும் போயிருக்கிறேன். எல்லா மலையிலும் கட்டடத்தின் பின்பக்கம்தான் எனக்குத் தெரியும். காரணம் என் நாத்தனார்.

அண்ணி என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்தார். குட்டை, நல்ல அகலம். புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தால் முன்னால் போகிறவர்கள் தானாக ஒதுங்குவார்கள். வருஷம் முழுக்கப் பெரிய குண்டானில் சோறு வடித்துவிட்டு, மே மாதம் பள்ளிக்கூடம் மூடியதும் மனுஷி ஓய்வெடுக்க வேண்டும் அல்லவா? எடுக்க மாட்டார். பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே போன் வரும். "எப்ப போறோம்? எந்த மல?"

மலைக்குப் போவது அவருக்குப் பிடிக்கும் என்றுதான் நானும் கொஞ்ச காலம் நினைத்திருந்தேன்.

நாங்கள் சிதம்பரத்தில் இருக்கிறோம். நான் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்று சொல்லவில்லை, நிற்கிறேன் என்று சொல்கிறேன். காலையில் கடை திறந்தால் சாயங்காலம்வரை நின்றே ஆக வேண்டும். நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. எங்கள் கடைக்கும் ஸ்டூல் வந்தது. அதன் மேல் பார்சல் பைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆகவே எனக்கு மலை என்றால் ஒன்றுதான். ஒரு நாற்காலி, அதற்கு முன்னால் பள்ளத்தாக்கு, மடியில் வேலை இல்லாத இரண்டு கை. ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளுக்காக வருஷம் தவறாமல் வேனில் ஏறினேன். வருஷம் தவறாமல் பின்பக்கம்தான் கிடைத்தது.

வெளியில் சாப்பிடக் கூடாது என்பது அண்ணியின் சட்டம். "எவன் கையக் கழுவுனானோ, எவன் கழுவலையோ" என்பார். வேன் கிளம்பும்போது எங்கள் பைகள் எல்லாம் சீட்டுக்கு அடியில் நசுங்கிக் கிடக்கும். நல்ல இடம் முழுவதும் அண்ணியின் சாமான்களுக்கு. சின்ன சிலிண்டர், இரட்டை அடுப்பு, அலுமினியக் குண்டான்கள், அன்னக்கூடை, அரிசி, மிளகாய்த்தூள், புளி, பெரிய டப்பா நிறைய கருவாடு. கடலூர்க்காரர்கள் எங்கே போனாலும் கருவாட்டை விட மாட்டார்கள். விருத்தாசலம் தாண்டுவதற்குள் வேன் முழுக்க நெத்திலி வாசம் வந்துவிடும். டிரைவர் கண்ணாடியை இறக்கினால், "ஏம்பா, உனக்கு மட்டும் வேர்க்குதா?" என்று அண்ணி கேட்பார்.

தங்குகிற இடத்தை முடிவு செய்வதும் அவர்தான். மற்றவர்கள் அறையைப் பார்ப்பார்கள். மெத்தை, வெந்நீர், ஜன்னல் என்று பார்ப்பார்கள். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் வரவேற்பில் வாடகை பேசிக்கொண்டிருக்க, அண்ணி வேனிலிருந்து இறங்கி நேராகக் கட்டடத்தைச் சுற்றிப் பின்னால் போவார். குழாய் இருக்கிறதா, தண்ணீர் ஓடிப்போக வாய்க்கால் இருக்கிறதா, காற்று அடிக்கிறதா என்று பார்ப்பார். மலைக்காற்று சாதாரணக் காற்று இல்லை. சுழன்று வந்து அடுப்பை அணைத்துவிடும். அதனால் மூன்று பக்கமும் மறைப்பு வேண்டும். கையை நீட்டி, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிக் காற்றைப் பார்ப்பார். பிறகு முன்னால் வந்து தீர்ப்பு சொல்வார். "வேணாம், காத்து சுத்துது." அவ்வளவுதான், எல்லோரும் வேனில் ஏற வேண்டும்.

கொடைக்கானலில் ஒரு காட்டேஜ் மேனேஜர் திரையை விலக்கி, எல்லா அறையிலிருந்தும் பள்ளத்தாக்கு தெரியும் என்று பெருமையாகக் காட்டினார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கீழே அப்படியே மேகம் நகர்ந்துகொண்டிருந்தது. அண்ணி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்த ஆளிடம், "இதெல்லாம் இருக்கட்டும்பா. கழனித்தண்ணி எங்க ஊத்துறது?" என்று கேட்டார்.

அந்த இடம் வேண்டாம் என்று ஆனது. மலை தெரிகிற இடத்தில் காற்று இருக்கும், அடுப்பு நிற்காது. அடுப்பு நிற்கிற இடத்தில் சுவர் இருக்கும், மலை தெரியாது. கடைசியில் ஒரு பழைய லாட்ஜில் போய் விழுந்தோம். அங்கே சோறு வேகவே இல்லை. மேலே போகப் போக வேக நேரமாகும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அண்ணி அந்த ஊர்த் தண்ணீரைத் திட்டினார், அரிசிக்கடைக்காரரைத் திட்டினார், பிறகு அடுப்புக்கு முன்னால் மறைப்பைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று என்னைத் திட்டினார். தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிதம்பரத்திலும் நின்றேன், கொடைக்கானலிலும் நின்றேன்.

ஏன் நீ மட்டும், மற்றவர்கள் எங்கே என்று கேட்பீர்கள். கொழுந்தன் பெண்டாட்டிக்கு வேனில் ஏறினாலே தலை சுற்றும். இறங்கியதும் படுத்துவிடுவாள். இலை போட்டதும் சரியாகிவிடும். என் வீட்டுக்காரரும் கொழுந்தனும் சிலிண்டரை இறக்கி வைப்பார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. இறக்கி வைத்த கதையை ஊர் திரும்பும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அருவி, பூங்கா என்று சுற்றிவிட்டு, பசியோடு வருவார்கள். சாப்பிட்டு முடித்து, "அக்கா கைக்கு மோதரம் போடணும்" என்பார்கள். யாரும் போட்டதில்லை.

என் வீட்டுக்காரரிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். ஒரே ஒரு வேளையாவது ஓட்டலில் சாப்பிடலாமே, அக்காவுக்கும் ஓய்வாக இருக்குமே என்றேன். அக்கா வருத்தப்படும் என்றார். அவர்கள் அப்பா போன பிறகு தம்பிகள் இரண்டு பேரையும் படிக்க வைத்தது அண்ணியின் சம்பளம். கல்யாணமாகி ஒரே வருஷத்தில் புருஷன் விபத்தில் போய், பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர் அவர். படிக்க வைத்ததை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருக்கலாம். சொல்லாததால் அவர் பேச்சை யாராலும் மறுக்க முடியவில்லை.

ஏலகிரியில் ஒருமுறை யூத் ஹாஸ்டல் கிடைத்தது. ஒன்றன்மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள். பக்கத்து ஹாலில் பெங்களூரிலிருந்து வந்த காலேஜ் பிள்ளைகள். பின்பக்கம் அண்ணிக்குப் பிடித்த மாதிரியே மூன்று பக்கச் சுவரோடு இருந்தது. ஆனால் அந்தச் சுவருக்கு மேலே அந்தப் பிள்ளைகளின் ஜன்னல். அண்ணி கருவாடு வறுத்தார். கொஞ்ச நேரத்தில் வார்டன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். ஏதோ செத்துக் கிடக்கிறது என்று புகார் வந்திருக்கிறதாம். அண்ணி கரண்டியைக் கீழே வைக்காமல் அவரைப் பார்த்தார்.

"நீங்க எந்த ஊரு தம்பி?"

"திருப்பத்தூர்."

"அதான. கடலு எங்க, நீங்க எங்க. பாவம்."

இப்படிப் பாவம் பார்த்தால் எந்த மனுஷன் என்ன செய்வான்? நாளைக்குச் செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் அண்ணி வேறு சமைத்தார், அதுவரை நியாயம்தான். கிளம்பும்போது செய்தித்தாளில் கொஞ்சம் நெத்திலியைப் பொட்டலம் கட்டி வார்டன் கையில் திணித்தார். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டார். வேனில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் தலைமுடி, நைட்டி, எல்லாவற்றிலும் கருவாடு நாறியது.

கொல்லிமலையில் நடந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. அங்கே ஒரு விவசாயி தன் வீட்டிலேயே இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். சாப்பாடும் அவர்கள் வீட்டிலேயே செய்து தருவார்கள். நாட்டுக்கோழி, ராகிக்களி, மிளகுக் குழம்பு என்று போனில் சொன்னார்கள். வீட்டுச் சாப்பாடுதானே, அண்ணி ஒன்றும் சொல்ல முடியாது என்று கணக்குப் போட்டு நான்தான் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். வாசலில் ஒரு கல் மேடை. அதில் உட்கார்ந்தால் எதிரே மலை மேல் மலையாக, மிளகுக்கொடியும் பலாமரமுமாக, கண் போகிற தூரம்வரை. பையை வைத்ததும் அங்கே போய் உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷம் இருக்கும்.

உள்ளேயிருந்து அண்ணியின் குரல் கேட்டது. வீட்டுக்காரியிடம், மஞ்சளை இப்போது போடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் கரண்டி கைமாறிய சத்தம் கேட்டது. அப்புறம் என் பெயர் கேட்டது.

இருந்த நாள் முழுவதும் அண்ணி சமைத்தார், நான் இஞ்சி இடித்தேன். அந்த வீட்டுக்காரி என்ன செய்தாள் தெரியுமா? என் கல் மேடையில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு, மலையைப் பார்த்தாள். அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். எனக்கு அவள் மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. கிளம்பும்போது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருசமும் வாங்கக்கா" என்றாள். ஏன் சொல்ல மாட்டாள்?

ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் மோசமானவள் ஆவேன். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது ஒரு வருஷம் பேய் மழை. கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பெரிய மரம் சாய்ந்து பாதை அடைத்துக்கொண்டது. முன்னால் ஒரு பஸ், பின்னால் வரிசையாகக் கார்கள். எங்கும் நகர முடியாது. குழந்தைகள் பசியில் அழ ஆரம்பித்தன. அண்ணி இறங்கினார். பாறை ஓரம் போய் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். எங்கள் தார்ப்பாயைப் பாறைக்கும் வேனுக்கும் நடுவில் கட்டச் சொன்னார். மிச்சமிருந்த ரவை முழுவதையும் கொட்டி உப்புமா கிண்டினார். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு, கார்க்காரர்களுக்கு, மரம் வெட்ட வந்தவர்களுக்கு, எல்லோருக்கும் காகிதத்தில் வைத்துக் கொடுத்தார். ஒரு பணக்காரக் கார்க்காரர் இங்கிலீஷில் நன்றி சொல்லி இன்னும் கொஞ்சம் கேட்டார். "கேட்டு வாங்குறான் பாரு, நல்ல புள்ள" என்று அண்ணி இன்னொரு கரண்டி வைத்தார். நனைந்த தலையோடு, புகைக்கு நடுவில், அந்த முகம் எப்படி இருந்தது தெரியுமா? புதுப்பெண் மாதிரி இருந்தது. நான் மழைத்தண்ணீரைப் பிடித்துப் பாத்திரம் விளக்கினேன். ரவை அடிப்பிடித்திருந்தது.

பிறகு என் மகள் வேலைக்குப் போனாள். சென்னையில் ஒரு கம்பெனி. அவளுக்குப் போனஸ் வந்ததும் கொடைக்கானலில் ஒரு பெரிய ரிசார்ட்டில் எங்கள் எல்லோருக்கும் இடம் போட்டுவிட்டாள். "அம்மா, அங்க நீ ஒரு துரும்பக்கூட எடுத்துப் போடக் கூடாது" என்றாள். மூன்று வேளைச் சாப்பாடும் அங்கேயே. வெளியிலிருந்து உணவு கொண்டுபோகக் கூடாது, சமைக்கவும் கூடாது. அதை அவளே அண்ணியிடம் போனில் படித்துக் காட்டினாள். அண்ணி சரி என்றார். இவ்வளவு சீக்கிரம் சரி என்றபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ரிசார்ட்டில் ஒரு பெண் வெதுவெதுப்பான ஈரத்துண்டைத் தட்டில் வைத்து நீட்டினாள். அண்ணி கழுத்து, அக்குள் எல்லாம் துடைத்துக்கொண்டு, நன்றாகப் பிழிந்து திருப்பிக் கொடுத்தார். பேட்டரி வண்டியில் எங்களை ஏற்றிக் காட்டேஜில் இறக்கினார்கள். அண்ணி வழக்கம்போலச் சுற்றிப் பின்னால் போனார். போன வேகத்தில் முன்னால் வந்தார். முகம் வெளுத்திருந்தது. பின்னாலும் பள்ளத்தாக்குதான். பக்கவாட்டில் பூச்செடி. எந்தப் பக்கம் போனாலும் கண்ணாடியும் காற்றும்தான். அந்த வீட்டுக்குப் பின்பக்கமே இல்லை.

நான் வராந்தாவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு பையன் டீ கொண்டுவந்து வைத்தான். சூடாக இருக்கும்போதே டீ குடிக்க வாய்த்தது. இதுதான், இதற்காகத்தான் என்று நினைத்தேன். கப் காலியாகவில்லை, உள்ளே விளக்கு அணைந்தது. பக்கத்துக் காட்டேஜிலும் அணைந்தது.

அண்ணி துணிப்பைக்கு அடியில் கரண்ட் அடுப்பை ஒளித்துக் கொண்டுவந்திருந்தார். குளியலறையில் வைத்து ரசம் கொதிக்க விட்டிருந்தார். அது அங்கிருந்த ஹீட்டரோடு சேர்ந்து மின்சாரத்தைக் காலி செய்துவிட்டது. மேனேஜர் வந்தார். சின்ன வயசு, கழுத்தில் டை. அவர் கத்தியிருந்தால் அண்ணி பதிலுக்குக் கத்தி ஜெயித்திருப்பார். அவர் கத்தவே இல்லை. "பரவாயில்லை மேடம், இதை நாங்கள் பத்திரமாக வைத்திருக்கிறோம், போகும்போது வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அடுப்பைத் துடைத்து எடுத்துக்கொண்டார். சின்ன ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தார். உள்ளே மீன்குழம்பும் கருவாட்டு டப்பாவும் இருந்தன. மறுபடி மெல்ல மூடினார். அண்ணி நனைந்த துணி மாதிரிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். அண்ணி வரவில்லை. நான் திரும்பி வந்து பார்த்தால், கட்டில் துணிகளையெல்லாம் மடித்து அடுக்கிவிட்டு, துண்டால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. துண்டைப் பிடுங்கினேன். அதற்கெல்லாம் ஆள் இருக்கிறது, என் மகள் அதற்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறாள் என்று கத்தினேன். கையைப் பிடித்து இழுத்து வராந்தாவுக்குக் கொண்டுவந்து நாற்காலியைக் காட்டினேன்.

"உக்காருங்க அண்ணி. ஒரு நாளாவது சும்மா உக்காருங்க."

அவர் நாற்காலியைப் பார்த்தார். உட்காரவில்லை.

"உக்காந்தா, நான் எதுக்குடி வந்தேன்?"

நக்கலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். தம்பிகளுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த வேனில் தனக்கென்று ஒரு சீட்டு எதற்காக என்று அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அது அந்தச் சிலிண்டர். இது எனக்கு அப்போதே புரிந்தது. புரிந்தால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது? அதிகமாகத்தான் ஆனது.

"நீங்க எதுக்கு வந்தீங்கன்னு கேக்குறீங்களே, நான் எதுக்கு வந்தேன்? இத்தினி வருசமா நான் எதுக்கு வந்தேன் அண்ணி? ஒரு மலயாவது பாத்திருப்பனா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு கேள்வி இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்த மாதிரி இருந்தது.

"நீ எனக்குத் தொணைக்கு வந்த" என்றார். "அவுங்கல்லாம் ஊரு சுத்த வந்தாங்க. நீதான என்கூட இருந்த."

இல்லை, பிடிக்காமல்தான் இருந்தேன், மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் உரித்தேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லாமல் படியிறங்கிப் போய்விட்டேன். தோட்டத்துக் கடைசியில் ஒரு பெஞ்சு இருந்தது. அங்கே உட்கார்ந்துதான் முதல் முறையாக ஒரு பள்ளத்தாக்கை முழுசாகப் பார்த்தேன். பஞ்சு மாதிரி மேகம் மேலே ஏறி வந்து என் காலைத் தொட்டது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் காதில் அண்ணி சொன்னதே ஓடிக்கொண்டிருந்தது, ரசிக்க முடியவில்லை. அதையும் கெடுத்துவிட்டாரே என்று இருந்தது.

திரும்பி வந்தால் அறையில் அண்ணி இல்லை. எல்லா இடத்திலும் தேடினேன். கீழே சரிவில், மரங்களுக்குப் பின்னால், விருந்தாளிகள் யாரும் போகாத இடத்தில் சமையல்கட்டு இருந்தது. அந்த ரிசார்ட்டுக்கும் பின்பக்கம் இருந்திருக்கிறது. மனுஷி மோப்பம் பிடித்துப் போய்விட்டார். வேலைக்காரப் பெண்கள் நான்கைந்து பேர் சாக்கை விரித்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் அண்ணி. அவர் ஏதோ சொல்ல, அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணியின் முகம் மறுபடி அந்த மழைநாள் முகமாக இருந்தது. என் மகள் பணம் கட்டி அழைத்து வந்தது அங்கே பீன்ஸ் நறுக்கவா?

நான் கூப்பிடவில்லை. மேலே வந்து வராந்தா நாற்காலியில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை.

அடுத்த மே மாதம் அண்ணியிடமிருந்து போன் வரவில்லை. நானே கடலூருக்குப் போய்க் கூப்பிட்டேன். தனக்கு முட்டி வலி, நீங்கள் போய்வாருங்கள் என்றார். பழைய லாட்ஜுக்கே போகலாம், அடுப்பு வைக்கலாம் என்று நான் சொல்லியிருந்தால் அந்த முட்டி அப்போதே சரியாகியிருக்கும். நான் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? உட்கார வாருங்கள் என்று நான் கூப்பிடுகிறேன், சமைக்கத்தான் வருவேன் என்று அவர் நிற்கிறார். இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. அந்த வருஷம் யாருமே போகவில்லை. என் வீட்டுக்காரர் என்னிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தன் அக்காவிடம், "வாக்கா, இந்தத் தடவ நாங்க பாத்துக்குறோம்" என்று ஒரு வார்த்தை சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

பிறகு அண்ணிக்குச் சர்க்கரை முற்றிக் காலில் புண் வந்தது. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கடை முடிந்ததும் நான் சோறு எடுத்துக்கொண்டு போவேன். நான் வைத்த ரசத்தை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குற்றம் சொல்லிக் குடித்து முடிப்பார். பக்கத்துக் கட்டிலில் காட்டுமன்னார்கோயில் பக்கத்து அம்மா ஒருவர். ஒரு நாள் நான் உள்ளே நுழையும்போது அண்ணி அந்த அம்மாவுக்குக் கொடைக்கானல் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று கேட்டேன்.

"எங்க பாத்தாலும் மேகந்தான். எழுந்திரிச்சா கையில டீ குடுப்பான். ஒரு வேல கெடையாது. நானும் என் தம்பி பொண்டாட்டியும் நாளு பூரா சும்மா உக்காந்துகிட்டே கெடந்தோம்."

அந்த அம்மா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. சோற்றுத் தூக்கை ஸ்டூல் மேல் டொக்கென்று வைத்தேன்.

"பொய் சொல்லாதீங்க அண்ணி. பின்னாடி போயி பீன்ஸ் நறுக்கிகிட்டு இருந்தீங்க. நான் பாத்தேன்."

வார்டே திரும்பிப் பார்த்தது. அண்ணி கொஞ்சம்கூட அசையவில்லை.

"நறுக்குனேன்தான். யாரு இல்லன்னா? ஆனா உக்காந்துகிட்டுதான நறுக்குனேன்?"

காட்டுமன்னார்கோயில் அம்மா சிரித்துப் புரைக்கேறி, நர்ஸ் ஓடி வந்தாள். அண்ணியும் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அந்த வாயை என்னால் எப்போதுமே ஜெயிக்க முடிந்ததில்லை.

அண்ணி கடலூருக்குத் திரும்பவில்லை. அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து அடுத்த கோடை வந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர், ஏலகிரிக்குப் போய்வரலாமா என்று ஆரம்பித்தார். கொழுந்தனும் அன்று வந்திருந்தார். ரிசார்ட்டுக்கெல்லாம் வேண்டாம், பழைய மாதிரி லாட்ஜ் எடுத்து, பழைய மாதிரி அடுப்பு எடுத்துக்கொண்டு போகலாம், அக்கா ஞாபகமாக இருக்கும் என்றார் கொழுந்தன். என் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"தாராளமா எடுத்துக்குங்க" என்றேன். "உங்க அக்கா எடத்துல நீங்க உக்காருங்க. என் எடத்துல உங்க தம்பி உக்காரட்டும். நான் பிள்ளைங்களோட ஊரு சுத்திட்டு வரேன்."

கொழுந்தன் மோரை இழுத்து ஊற்றிக்கொண்டார். என் வீட்டுக்காரர், அந்த ஊர் லாட்ஜெல்லாம் இப்போது எப்படி இருக்கிறதோ என்று இழுத்தார். விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். இன்றுவரை விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார். இந்த மே மாதமும் சிதம்பரத்தில்தான் கிடக்கிறோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது.